வறுத்த எள்ளு

பிரேதம் வீட்டை விட்டுப் போகமுன் ஒருத்தி தலைமுழுகி வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ராஜினியின் கூந்தல் ஈரம் சொட்டச் சொட்ட முதுகில் ஒட்டிக் கிடந்தது. கூடப்பிறந்த தம்பி யோகநாதன் பந்தலின் நடுவே பெட்டிக்குள் படுத்திருக்கிறான்; படலை தாண்டிப் பெட்டி போன பிறகுதான் முழுக்கு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜெயரூபி கணவனின் தலைமாட்டில் இருந்தபடி அந்தக் கூந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வாய்க்கரிசிக்கு வரிசை கட்டத் தொடங்கிய நேரம் பார்த்து ராஜினி மெல்ல எழுந்தாள். சேலைத் தலைப்புக்குள் எதையோ பொத்திக்கொண்டு, மற்றக் கையால் லக்ஷனைப் பிடித்து, கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

லக்ஷனுக்கு ஏழு வயது. இடுப்பில் நிற்காத வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி மாமியின் பின்னால் போனான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான்.



யோகநாதன் குடும்பம் கச்சானால், அதுதான் நிலக்கடலையால், வளர்ந்த குடும்பம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிற சனம் அம்மனைக் கும்பிட மறந்தாலும் கச்சான் வாங்க மறப்பதில்லை. அதில் பாதிக் கச்சான் ராஜினியின் தாச்சியில் வறுபட்டது. அப்படிப்பட்ட வீட்டில்தான், கச்சான் தூள் பட்டாலே உதடு தடித்து மூச்சு இழுக்கிற பிள்ளை வந்து பிறந்தது. டொக்டர் அதை ஒவ்வாமை என்றார். ராஜினி அதைத் தாயின் செல்லம் என்றாள். "கச்சான் திண்டு ஆரும் செத்ததே? எங்கட பரம்பரையே செத்திருக்கோணும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாணில் கச்சான் பட்டர் பூசிக் கொடுப்பார்கள். தனக்கும் அதைப்போல ஒன்று வேண்டும் என்று லக்ஷன் அழுவான். ஜெயரூபி பூசணி விதையை உடைத்து அரைத்தாள், பிள்ளை துப்பிவிட்டான். தேங்காய்ப்பூவை வறுத்து அரைத்தாள். இரண்டாம் நாளே சிக்கு மணம் வந்தது. எள்ளும் சில பிள்ளைகளுக்கு ஆகாது என்று டொக்டர் சொன்னதால், ஆஸ்பத்திரியில் வைத்தே முதல் துளியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எள்ளு ஒத்துக்கொண்டது. அதன் பிறகு அது யோகநாதனின் வேலையாயிற்று. இளஞ்சூட்டில் வறுத்து, பனங்கட்டி சேர்த்து அவன் அரைத்தால் பிள்ளை விரலையும் சேர்த்துத் தின்பான்.

போன வருசம் ராஜினிக்கும் ஆசை வந்தது. அவளும் எள்ளு அரைத்துக்கொண்டு வந்தாள். கச்சான் அரைக்கிற அதே கிரைண்டரில்தான், ஆனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகு. வாயில் போட்டுப் பார்த்தால் முழுக்க முழுக்க எள்ளுத்தான். ஆனாலும் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் லக்ஷனின் உதடு தடித்துத் தொங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் ராஜினி, "நான் கழுவினனான், அம்மாளாணை கழுவினனான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயரூபி அதை நம்பவில்லை. யாருக்குத்தான் வலிக்காது, தங்கள் பிழைப்பையே ஒரு பிள்ளை நஞ்சாக்கினால்? வேண்டுமென்றே சோதித்துப் பார்த்திருக்கிறாள் என்றுதான் அவள் மனம் சொன்னது. அதோடு யோகநாதன் தமக்கை வீட்டுப் பக்கம் போவதும் நின்றுபோனது.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலிலிருந்துதான் சாப்பாடு வரும். அயல் முழுக்கக் கச்சான் வீடுகள். வந்த பாணையும் சம்பலையும் பிள்ளையின் கிட்டேயும் ஜெயரூபி விடவில்லை. போதாததற்குத் தன் குசினியையும் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். யோகநாதனின் சித்தப்பா சிற்றம்பலம், "கொள்ளி வைக்கிறவன் சுடலையால வந்துதான் வாய் நனைக்கலாம்" என்று சொன்னபோது, உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சாப்பிடாத பிள்ளைக்கு ஆபத்தில்லை. நேற்றுப் பின்னேரம் குடித்த இளநீரோடு பிள்ளை வாடிப்போயிருந்ததை அவள் பார்க்காமலில்லை.

இப்போது அவள் எழுந்தாள்.

"எங்க போறா? இன்னும் கொஞ்சத்தில பெட்டி மூடப் போகினமெல்லோ?" என்று ஒருத்தி கேட்டாள். ஜெயரூபி பெண்களை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

கிணற்றடித் துவைகல்லில் லக்ஷன் குந்தியிருந்தான். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான். கடைவாயில் மண்ணிறமாக வழிந்தது. ராஜினியின் கையில் பாதி உருண்டை இருந்தது. ஜெயரூபி பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்து நிலத்தில் எறிந்தாள். அவன் ஓங்காளித்து அழத் தொடங்கினான்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"எள்ளு, ரூபி. வேற ஒண்டுமில்லை."

"அண்டைக்கும் எள்ளெண்டுதானே சொன்னனீங்கள். எங்க அரைச்சனீங்கள்? உங்கட கிரைண்டரிலயோ?"

"இல்லை."

"அப்ப ஆற்ற வீட்டில?"

"ஆற்ற வீட்டிலயும் இல்லை."

"அப்ப எதில? சொல்லுங்கோ மச்சாள்!"

ராஜினி வாயைத் திறந்தாள். அதற்குள் வீட்டு மூலையில் சிற்றம்பலத்தின் தலை தெரிந்தது. ராஜினியின் கை உருண்டையோடு சேலைக்குள் போனது, வாயும் மூடிக்கொண்டது. மடியில் கனமில்லாவிட்டால் ஏன் ஒளிக்கிறாள் என்று ஜெயரூபி நினைத்தாள்.

"பிள்ளை, ஐயர் அவசரப்படுறார். பெட்டி மூடப் போறம். வந்து முகத்தைப் பார்" என்றார் கிழவர்.

ஜெயரூபி மகனின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதடு அழுது சிவந்திருந்தது. அழுத சிவப்பா, மற்றதா? ருசித்துப் பார்த்துப் பயனில்லை. நாக்குக்குத் தெரிகிற அளவென்றால் போன வருசமே தெரிந்திருக்கும். காத்திருக்கத்தான் வேண்டும்.

"நீ போ ரூபி" என்றாள் ராஜினி. "கடைசி முகம். நான் இவனைப் பாக்கிறன்."

"உங்களை நம்பியோ?"

 ராஜினியாவது போயிருக்கலாம், அவளுக்கும் அது கடைசி முகம்தான். போனால் தப்பி ஓடினதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, காலை எடுக்கவில்லை.

"மூடுங்கோ மாமா" என்றாள் ஜெயரூபி, திரும்பிப் பாராமலே.

"விசரே உனக்கு?" கிழவர் திரும்பிப் போனார்.

பந்தலில் ஒப்பாரி உயர்ந்தது. பிறகு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது. சிரிக்கும்போது ஒரு பக்கம் கோணுகிற அந்த வாயை இனி எந்தப் படத்தில் பார்த்தாலும் அது பார்த்ததாகாது என்று அவளுக்குத் தெரிந்தது. போய்விடலாம் போலவும் இருந்தது. ஆனாலும் பிள்ளையின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. ராஜினியும் அதே உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆணிச் சத்தம் ஓய்ந்தது. பந்தலில் மந்திரம் நீண்டுகொண்டே போனது. உதடு தடிக்கவில்லை. மூச்சு இழுக்கவில்லை, அழுத விக்கல் மட்டும்தான்.

"அம்மா, பசிக்குது" என்றான் லக்ஷன்.

ராஜினி குரலைத் தாழ்த்தினாள். "சுண்ணம் இடிக்கிற உரலில."

 வாசிகசாலையில் கிடக்கிற உரல் அது. ஊரில் சாவு விழுந்தால், பிரேதத்துக்குப் பூசுகிற சுண்ணப்பொடி இடிக்க மட்டும் வெளியே வரும். அதில் சமையலுக்கு ஒரு மிளகைக்கூட யாரும் போட்டதில்லை, போடப் பயம். மஞ்சளையும் அறுகம்புல்லையும் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. கச்சான் படாத உரல் என்று இந்த ஊரில் தேடினால் அது ஒன்றுதான்.

"விடிய, உரலைக் கொண்டுவந்து இறக்கின உடன, சுடுதண்ணி ஊத்திக் கழுவி வைச்சனான். மேளம் தொடங்கினாப் பிறகு, சத்தம் கேக்காமல் இடிச்சனான். கச்சான் தூள் ஒட்டியிருக்குமெண்டு நகம் வெட்டி, தலைமுழுகிப்போட்டுத்தான் தொட்டனான். கொள்ளி வைக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டு உரலில இடிச்சுத் தீத்தினனான் எண்டு தெரிஞ்சால் சித்தப்பா என்னை உயிரோட விடார். அதுதான் அவருக்கு முன்னால..." அவள் வீட்டு மூலையைத் திரும்பிப் பார்த்தாள். "பெடியன் வாடிப்போய் நிண்டவன், ரூபி."

"எள்ளு?"

"தம்பி வறுத்தது. விறாந்தையில சுளகோட கிடந்தது, துணி போட்டு மூடினபடி."

முந்தநாள் பின்னேரம் எள்ளை வறுத்து ஆற வைத்துவிட்டுத்தான் யோகநாதன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு கதிரையில் சாய்ந்தான். அந்தச் சுளகை ஜெயரூபி மறந்தே போயிருந்தாள்.

"கொள்ளிக்குடம் தயார்! பொடியன் எங்கயப்பா?" என்று பந்தலில் யாரோ கத்தினார்கள். மேளம் அடியை மாற்றியது.

ஜெயரூபி கையை நீட்டினாள். ராஜினி சேலைக்குள்ளிருந்து மிச்ச உருண்டையை எடுத்து அதில் வைத்தாள். பிறகு போய், வீட்டு மூலையில், வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

ஜெயரூபி உருண்டையைச் சிறிது சிறிதாகக் கிள்ளி மகனின் வாயில் வைத்தாள்.

"மெல்லத் தின்னப்பு" என்றாள். "அவையள் காத்து நிப்பினம்."