கனகம் அக்கா அள்ளிய பிடிமண்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாங்கம் அண்ணனும் அவர் மனைவி கனகம் அக்காவும் அமெரிக்காவில் மகளைப் பார்த்துவிட்டு வந்து, என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னது. நான் நெய்வேலியை விட்டு மிஞ்சிப் போனால் கடலூர் வரை போவேன். நியூ மெக்சிகோ மலைகளை வர்ணிக்கச் சொல்லி என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: செந்நிற மலைகளின் மடியில், காலத்தின் மௌனத்தைப் போர்த்தியபடி, அந்தப் பாழடைந்த தேவாலயம்...

சீச்சீ. (மௌனத்தை யாராவது போர்த்துவார்களா? அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

இரண்டாம் முயற்சி, அண்ணன் வாயாலேயே: "நம்ம மைன்ஸ் மேட்டு மண்ணு மாதிரியே செவப்பு, தம்பி. கல்லுச் செவுரு மட்டும் நிக்குது. கூரை இல்ல."

இது போதும். ஸ்பெயின் பாதிரிமார் கட்டிய கோயில் அது. அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஊர் கட்டி வாழ்ந்தவர்கள் புவேப்ளோ என்ற பூர்வகுடி மக்கள். வட்டமாகப் பள்ளம் தோண்டி, ஏணியில் இறங்கிச் சாமி கும்பிட்டார்களாம். பள்ளத்தை எட்டிப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மழ பேஞ்சா பம்பு எங்க வெப்பாங்க?" சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷினை ஓட்டி ரிடையர் ஆனவர், வேறென்ன கேட்பார்?

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமாம். இருக்கிறது. ரிடையர் ஆனதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். எங்கே போவது? சொந்த ஊர் எப்போதோ சுரங்கத்துக்குள் போய்விட்டது. "எங்ககூடவே இருந்துடுங்க" என்று மகள் சத்யா அங்கே ஓர் அறையைத் தயாராக வைத்திருக்கிறாள். அண்ணனுக்குச் சம்மதம், பேத்தி இருக்கிறாளே. அக்காவுக்கோ பக்கத்தில் முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் அவர்கள் மனையில் வீடு கட்ட வேண்டும். ஊர் போனபோது குலதெய்வம் பச்சைவாழியம்மனுக்குப் பிடிமண் எடுத்து வந்து அங்கேதான் வைத்தார்கள்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போய் வேறு இடத்தில் வைத்தால் சாமியும் கூடவே வந்துவிடும். அதுதான் பிடிமண். விசா தேவையில்லை.)

4

கூரையில்லாக் கோயில் வாசலில் அக்கா செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி, இங்கே அப்படித்தான் போலிருக்கிறது என்று ஷூவைக் கழற்றினார்கள். (அண்ணன் சொன்னது. அக்கா "புளுகு" என்கிறார். நன்றாக இருப்பதால் வைத்துக்கொள்கிறேன்.)

பிறகு அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பிடிமண் எடுத்துவிட்டாள்! மகள் வீட்டுத் தோட்டத்தில் வைக்கத்தானே? தங்கச் சம்மதித்துவிட்டாள்!

அதற்குள் அங்கே காவலுக்கு இருந்த பெண் ஓடிவந்தாள். ஒரு சிறு கல்லைக்கூட எடுக்கக் கூடாதாம். எதற்கு இந்த மண் என்று கேட்டாள். சத்யா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"ஆளே இல்லாத கோயிலும்மா. சாமி ஒண்டியா குந்திக்கினு இருக்குது. நம்ம பச்சைவாழிக்குத் தொணையா முத்தாண்டிக்குப்பத்துக்கு இட்டுக்கினு போலாம்னுதான்" என்றார் அக்கா.

அண்ணன் முகம் தொங்கிப்போனது. காவல்காரப் பெண்ணோ சிரித்துவிட்டாள். அவளும் அந்த ஊர்க்காரர்களின் வம்சம்தானாம். "நாங்கள் எங்கும் போய்விடவில்லை. வேறு ஊரில் இருக்கிறோம். வருஷா வருஷம் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறோம்."

"அய்யய்யோ! ஆளிருக்கிற சாமியவா தூக்கிக்கினு போவப் பாத்தேன்!" அக்கா முடிச்சை அவிழ்த்து, மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

5

இந்த இடத்தில் காவல்காரப் பெண்ணை ஒரு பக்கம் பேசவிட ஆசைதான். ஆனால் அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. சும்மா விட்டுவிடுகிறேன்.

என் வாசலில் நடந்த சண்டை தெரியும்.

"பாத்தியா? அவுங்க வேற ஊர்ல இருந்துக்கினு வருஷத்துக்கு ஒருக்கா வந்து கும்புடல? நாமளும் அமெரிக்காவுல இருந்துக்கினு அப்டி வந்துட்டுப் போனா என்னாவாம்?" என்றார் அண்ணன்.

"அவுங்க கார்ல வராங்க. நீங்க ஏரோப்ளேன்ல வரணும். போன தடவையே கால் வீங்கிப்போச்சு."

முடிவு அ: அமெரிக்கா. அக்கா அங்கே யாரிடம் வாயாடுவார்? முடிவு ஆ: முத்தாண்டிக்குப்பம். அண்ணன் பேத்தியை போனில் பார்த்தே ஏங்கிப்போவார். முடிவு இ: ஆளுக்கொரு நாடு. இதைச் சொன்னதும், "ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா தம்பி?" என்று அக்கா திட்டினார். சரி, இ வேண்டாம்.

6

இதுவரை எழுதிக்கொண்டிருக்கும்போதே இருவரும் வந்துவிட்டார்கள். முத்தாண்டிக்குப்பம் கோயிலுக்குப் போய் வருகிறார்களாம். அண்ணன் இரண்டு கைகளிலும் ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

"பச்சைவாழி பிடிமண்ண நானே அள்ளிக் குடுத்துட்டேன் தம்பி" என்றார் அக்கா. "இவரு எங்க வெக்கிறாரோ அங்க நான் வந்துடறேன். மனைல வெச்சாலும் சரி, சத்யா வூட்டுல வெச்சாலும் சரி. அப்புறம் கொறை சொல்ல மாட்டேன்."

காலமெல்லாம் மண்ணை மலைமலையாக வெட்டித் தள்ளிய அண்ணன், இந்த ஒரு பிடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

அவர் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. சத்யாதான்.

"தம்பி, கை ஒழியல. எடுத்துக் காதுல வைப்பா."

நான் மாட்டேன். எடுத்துக் கொடுத்தால் அமெரிக்கா பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும்; இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். மேலும் என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? இடது பக்கப் பை. எடுத்து அவர் காதில் வையுங்கள்.