அப்பா சாய்ந்த சுவர்

எங்கள் மேல்மலையில் மண்சுவர்கள், கோடையில் தங்கள்மேல் சாய்ந்தவர்களின் சூட்டை வாங்கி வைத்திருந்து, பனிக்காலத்தில் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் சுவரை ஒன்றரை முழக் கனத்தில் எழுப்புகிறோம். ஜன்னல் கையகலம்தான், சூட்டுக்கு வேடிக்கை பார்க்கும் புத்தி, பெரிதாக வைத்தால் வெளியே போய்விடும். வாசல் குட்டையாக இருக்கும். குளிர் நல்ல உயரம், அதற்குக் குனியத் தெரியாது.

சித்திரையில் விருந்தாளி வந்தால் முதலில் சுவரில் சாயச் சொல்வோம், பிறகுதான் காப்பி. கோபக்காரர்களுக்கு எல்லா வீட்டிலும் தனி மரியாதை. எங்கள் அப்பாவை மிஞ்சிய கோபக்காரர் ஊரில் இல்லை. பூண்டுக் காட்டிலிருந்து வந்து மேற்குச் சுவரில் சாய்ந்தாரென்றால், விளக்கு வைக்கும்வரை யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார். அவ்வளவு திட்டும் தை மாதத்தில் எங்கள் முதுகுக்கு இதமாக இருக்கும்.

தம்பி முத்திருளன் தன் கல்யாணத்துக்காகச் சுவர்களுக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்தான். பெயிண்ட் அடித்த சுவரில் சூடு ஏறாது, வழுக்கிக் கீழே விழும். அந்தக் கோடை முழுக்க நான்தான் அதைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினேன். அப்பா எழுந்திருக்க மறுத்ததால் மேற்குச் சுவர் மட்டும் தப்பியது. ஆவணியில் அப்பா செத்துப்போனார்.

மார்கழி பிறந்ததும் என் படுக்கையை அந்தச் சுவரோரம் போட்டுக்கொண்டேன். அவர் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் சாய்ந்தேன். அவர் இருந்தபோது அவர் பக்கத்தில் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

தையில் தம்பி மனைவி இந்திராணிக்கு நாள் நிறைவதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அடுப்புச் சூடு சோற்றுக்குத்தான் ஆகும். மற்ற சுவர்களில் ஒன்றுமில்லை. குழந்தையின் பாதம் நீலமாகிக்கொண்டு வந்தது.

முத்திருளன் என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிக்கிறியா?"

பெயிண்டில் சாய்த்துக்கொள் என்றேன். அவன் திரும்பிப் போனான். எனக்குக் கொடுக்க மனசில்லை. அழுகை கேட்டவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது நின்றதும் எழுந்துவிட்டேன்.

"பிள்ளையக் கொண்டாடா. துணிய எடுத்துரு, வெறும் முதுகு சுவத்துல படணும்."

பட்டதும், மிச்சமிருந்த அப்பா மொத்தமும் ஒரேயடியாக வந்தார். சுவருக்குள் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டுவது கேட்டது. குழந்தைக்குப் பாதம் சிவந்தது, பிறகு காது சிவந்தது, பிறகு அதுவும் பதிலுக்குக் கத்தியது. நான் சுவரின் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் மண். குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவ்வளவையும் கொடுத்துவிட்ட சுவர் குளிரில் நடுங்க ஆரம்பித்தது. நான் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினேன். அது தன் இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்து வந்து, என்மேல் சாய்ந்துகொண்டது. கனம்தான். திறந்துபோன பக்கத்தில் முத்திருளன் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மாசி முடிந்து சுவர் எழுந்து தன் இடத்துக்குப் போகும்வரை, இந்திராணி எனக்குச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.