செம்பட்டை வீரன் மேடு

‘குடும்பத்தோடு நடப்போம்’ என்ற புத்தகத்தின் அட்டையில் கொழுந்தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் காடு, காட்டுக்கு அப்பால் புல்வெளி. உள்ளே இருந்த நடைகளில் ஒன்றைக்கூட அவன் சொந்தமாக நடந்து கண்டுபிடித்ததில்லை. எல்லாம் அண்ணி நடந்தவை.

ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே சொல்வோம். செருப்புக் கடையில் அவளுக்கு வேலை. வாரம் முழுக்க ஊரார் காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதே ஊராரைப் பிள்ளைகுட்டிகளோடு காட்டுக்குள் நடத்திக்கொண்டு போவாள். எந்தக் குழந்தை எந்த இடத்தில் ‘தூக்கு’ என்று உட்கார்ந்துவிடும் என்பதைக் காலைப் பார்த்தே கணித்துவிடுவாள். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு கதையை எடுத்துவிடுவாள். கரி சுட்டவர்கள் தோண்டிய பள்ளம், செங்கல் சூளைக்குள் ஒளிந்துகொண்ட கல்யாணப் பெண், எல்லைக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்திய அண்ணன் தம்பி. எல்லாமே பழைய ஆட்களிடம் நச்சரித்துக் கேட்டு வாங்கிய உண்மைக் கதைகள். கதை முடிவதற்குள் குழந்தை மேட்டைக் கடந்திருக்கும். பெற்றவர்களுக்குத் தோள் மிச்சம்.

கொழுந்தனுக்குச் சுற்றுலா அலுவலகத்தில் உத்தியோகம். நடப்பது என்றால் அவனுக்கு நாற்காலியிலிருந்து காருக்கு. அப்படிப்பட்டவன் ஒரு கோடை முழுக்க மகள் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு தவறாமல் வந்தான். ‘பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டது’ என்று அண்ணி பூரித்துப்போனாள். அவன் சட்டைப் பையில் இருந்த போன் ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தது புத்தகம் வந்த பிறகுதான் விளங்கியது. அவள் பேச்சு அப்படியே இருந்தது. “கால் வலிக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்ற அவளுடைய அசட்டு ஜோக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

“என்ன தம்பி இது?” என்று கேட்டாள்.

“வழி யாருக்கும் சொந்தமில்லையே, அண்ணி. நீங்க சும்மா பேசிட்டுப் போனீங்க. அதை ஒழுங்குபண்ணி எழுதுனது நான்தானே?”

அந்த ‘சும்மா’ அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதோடு முடியவில்லை. இனிமேல் கூட்டம் சேர்த்து நடத்திப்போக வேண்டுமானால் வழிகாட்டி அட்டை வேண்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அட்டை கொடுக்கும் அதிகாரி யார்? சாட்சாத் கொழுந்தன்தான். அண்ணிக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள்.

“கூடப் பிறந்தவன். விட்டுத்தொலையேன்” என்றான் லாரி ஓட்டும் கணவன்.

“உங்களுக்குத்தான் கூடப் பிறந்தவன். எனக்கு இல்ல.”

அவள் கறுவிக்கொண்டே இருந்தாள். அடுத்தவர் செருப்பை மாட்டிவிடும்போதும் கறுவினாள். வாடிக்கையாளர் ஒருவர் “அம்மா, இறுக்குது” என்று அலறினார்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்ட நேரத்தில் கொழுந்தன் வாசலில் வந்து குழைந்தான். “சிட்டு உங்களோட நடக்கணும்னு ஒரே அழுகை அண்ணி. வீட்டாளுங்க மட்டும் ஒரு நடை போய்ட்டு வரலாமா?” சிட்டு ஓடி வந்து பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குழந்தைக்குப் பெரியம்மா என்றால் உயிர். அண்ணிக்கும் அவள் என்றால் உயிர்தான். ஆனால் கண் போனது கொழுந்தனின் சட்டைப் பைக்கு. போனின் மூலை அங்கே எட்டிப் பார்த்தது.

‘வாடா மகனே’ என்று நினைத்துக்கொண்டாள்.

காட்டைத் தாண்டி, பால்காரருக்குச் சொந்தமான புல்வெளியில் ஒரு மண்மேடு உண்டு. அங்கே வந்ததும் சிட்டுவின் கால் தளர்ந்தது. அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

“இந்த மேட்டுக்குக் கீழ ஒருத்தன் தூங்குறான், சிட்டு. செம்பட்டை முடி. வலது கால் கொஞ்சம் நொண்டி. ஆனா அவன் முன்னால நிக்க ஊர்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. அடைச்சு வச்சா வேலியை ஒடைச்சுட்டு வந்துடுவான். பெரிய வெள்ளம் வந்தப்ப ஆத்துல நீந்தி இக்கரைக்கு வந்து சேர்ந்தான். எல்லாரும் செத்துட்டான்னு நெனச்சாங்க. கடைசியில ஒரு மழைநாள், வயித்துல தாங்க முடியாத வலி. விடிய விடியத் துடிச்சான். எஜமான் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதாரு. இங்கேயே புதைச்சாங்க.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் யார் என்ற ஒன்றை மட்டும் அவள் விழுங்கிவிட்டாள். சிட்டுவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அண்ணி அதைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை. ஏனென்றால் கொழுந்தன், நன்றாகப் பதியட்டும் என்று நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றான்.

மீன் தூண்டிலைக் கவ்வியது. ‘செம்பட்டை வீரன் மேடு’ என்று புதிய பதிப்பில் தனி அத்தியாயம். மேட்டின்மேல் செதுக்கிய மரப்பலகை. “பலகைதானே, வச்சுக்கோ” என்று பால்காரர் எதற்கென்று கேட்காமலே போனில் சம்மதித்திருந்தார். திறப்பு விழாவுக்கு நகரசபைத் தலைவியம்மா வருவதாக ஏற்பாடு. அண்ணி பால்காரர் வீட்டுக்கே போய், “உங்க நிலத்துல விழா, நீங்க இல்லாம எப்படி?” என்று கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

குடும்பம் குடும்பமாகக் கூட்டம். சிட்டு புல்வெளிப் பூக்களைத் தொடுத்து எடுத்து வந்திருந்தாள். கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு வீரனின் வரலாற்றைப் படித்தான். செம்பட்டை முடி, நொண்டிக் கால், உடைந்த வேலி. பால்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

அண்ணி கையைத் தூக்கினாள். “இதெல்லாம் எப்படித் தம்பி கண்டுபிடிச்சீங்க?”

“வருஷக்கணக்கா ஆராய்ச்சி, அண்ணி” என்றான் அவன், தலைவியம்மாவைப் பார்த்துக்கொண்டே. “சும்மா வந்துடுமா? அந்த எஜமான் ஒரு குறுநில மன்னர். வீரன் இறந்த துக்கத்துல அவர் கிரீடத்தையே கழட்டி வச்சுட்டாரு.”

“ஏம்ப்பா” என்றார் பால்காரர் மெதுவாக. “வெள்ளத்துல நீந்தி வந்தான்னா சொன்ன?”

“ஆமா ஐயா.”

“மழையில வயிறு வலிச்சுச் செத்தான்?”

“ஆமா.”

“அடப்பாவி, அது நம்ம காளைடா! ஈரப் புல்லை மொக்கு மொக்குன்னு மொக்கி, வயிறு உப்பிச் செத்துச்சு. அதைக் குழி தோண்டிப் பொதைச்சது நான்தான். எனக்கு ஏதுடா கிரீடம்? தலையில இருந்தது துண்டு.”

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு புல்வெளியே சிரித்தது. கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “யாரு சார் உங்களுக்கு இதைச் சொன்னது?”

அவன் விரல் தானாக எழுந்தது. “அண்ணிதான்! அவங்கதான் சொன்னாங்க!”

“அப்ப உங்க ஆராய்ச்சி?” தலைவியம்மா புத்தகத்தைப் புரட்டினார். “மத்த கதையெல்லாம் யாரு சொன்னது?”

கூட்டத்திலிருந்து யாரோ, “எல்லாம் அண்ணி சொன்னதுதாங்க. நாங்களே கேட்டிருக்கோம்” என்றார்கள். அண்ணி இத்தனை நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். உள்ளங்கால் முதல் உச்சி வரை குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவன் அப்படியே நிற்கட்டும் என்று ஆசையாக இருந்தது.

“பெரியம்மா.”

சிட்டு பூச்சரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“அது காளைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்புறம் பழி அவளுக்கு வந்து, வலையில் விழுந்தவன் தப்பித்துவிடுவானே.

“தெரியும்” என்றாள் அண்ணி.

“நான் அழுதப்ப?”

“அப்பவும் தெரியும்.”

சிட்டு பூச்சரத்தைப் பால்காரரின் கையில் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போனாள். அவன் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

தலைவியம்மா அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். அட்டையும் அண்ணிக்கு, புத்தகமும் அண்ணி பெயரில். “திரும்பிப் போற வழிக்கு நீங்களே நடத்துங்கம்மா.” அண்ணி முன்னால் நடந்தாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்கு இன்னும் தோன்றியது. மறுபடி வாய்த்தாலும் செய்வாள்.

எல்லைக்கல் அருகே பொடிசுகள் சிணுங்க ஆரம்பித்தன. வழக்கமான இடம். அண்ணி நின்று திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தக் கல்லு இருக்கே, இதை ஒரு ராத்திரி அண்ணனும் தம்பியும்...”

குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு நெருங்கி வந்தன. கடைசியில் வந்துகொண்டிருந்த கொழுந்தனின் தோளில் இருந்த சிட்டு தன் இரண்டு காதுகளையும் கையால் இறுக்கப் பொத்திக்கொண்டாள். கதை முடியும்வரை கையை எடுக்கவே இல்லை.