ரத்தான ஒத்திகை

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மண்சரிவு முன்னெச்சரிக்கைக் குழு அமைத்தபோது, தலைவர் பதவியை எனக்குத்தான் கொடுத்தார்கள். ஊரில் பொக்லைன் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். போதாததற்குப் போர்வெல் போடும் ரிக் லாரி வேறு. முப்பது வருடமாக நாலு மாநிலத்துப் பூமியைத் துளைத்துப் பார்த்தவனுக்கு மண்ணைப் பற்றி யார் வந்து பாடம் எடுப்பது?

அந்த ரிக்கை நிறுத்த இடம் போதாமல், மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த கரட்டுக் குன்றின் அடியை வெட்டிச் சமமாக்கினேன். கரட்டின் மேல் சாலம்மாக்காவின் வீடு. தனி ஆள், மூன்று வெள்ளாடுகள்.

"அடிமண்ண எடுத்துப்போட்டா மேல எப்புடி சாமி நிக்கும்?" என்று கேட்டார்.

"ஆயிரம் அடி போர் போட்டவனுங்க்கா நானு. எனக்குத் தெரியாதா?" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை என்று முடிவானது. தாலுகா ஆபீஸிலிருந்து வித்யா மேடம் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். ரேஷன் கார்டு, பட்டா, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். ஆபத்தான வீடுகளின் பட்டியலில் முதல் பெயர் சாலம்மாக்காவுடையது. அந்த வீட்டுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

புதன்கிழமை மாலை பிடித்த மழை விடவே இல்லை. வியாழன் காலை எட்டு மணிக்கு வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது: 'கனமழை காரணமாக இன்றைய மண்சரிவு ஒத்திகை ரத்து. அனைவரும் வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்கவும்.' முதல் ஆளாகக் கட்டைவிரலைப் போட்டது நான்தான்.

சாலம்மாக்காவிடம் இருப்பது பட்டன் போன். என் மனைவி மஞ்சுளா, "ஏனுங்க, மேல போயி அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வாங்க" என்றாள்.

"பேசாதவங்க முன்னால போயி நிக்கச் சொல்றயா? மழையப் பாத்தா அவுங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது காபி கேட்டேன்.

பத்தே முக்காலுக்குப் பின்னால் பெரிய சத்தம். ரிக்தான் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அது கர்நாடகாவில் இருப்பது பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், வெட்டிய கரடு வீட்டோடு இறங்கிக் கிடந்தது. கூரை ஓடும் சுவரும் அம்மிக்கல்லும் லாரி நிறுத்தும் இடத்தில். பொக்லைனை எடுக்கப் பயமாக இருந்தது. பக்கெட்டைப் போட்டால் மண்ணோடு ஆளும் வந்துவிடுமே. "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு கையாலேயே தோண்டினேன். கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊரில் பாதிப் பேர் ஒரு மணி நேரம் கூடவே தோண்டினார்கள்.

அப்போது சமுதாயக் கூடத்துப் பக்கம் போயிருந்த பச்சமுத்து மூச்சிரைக்க வந்து சொன்னான். சாலம்மாக்கா ஒன்பதரை மணியிலிருந்து பூட்டிய சமுதாயக் கூடத்து வாசலில், ஆடுகளும் பையுமாக, நேரத்துக்கு வராத எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

'குழுத் தலைவரின் முன்னெச்சரிக்கையால் உயிர்ச்சேதம் இல்லை' என்று அறிக்கை போனது. நான் மறுக்கவில்லை. அடுத்த வாரம் அதே கூடத்தில் பாராட்டு விழா. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு மைக்கைச் சாலம்மாக்காவிடம் கொடுத்தார்கள்.

"எனக்கு ஆரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றார். "சொல்லியிருந்தா ஊட்டுக்குள்ளதான் இருந்திருப்பேன்."

மைக்கோடு என் பக்கம் திரும்பினார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தீர்த்தகிரி, என்ற ஊடு உன் லாரி நிக்கிற எடத்துல கெடக்குது. எடுத்து மேல வெச்சுக் குடு சாமி."