இருபதுக்கு இருபது

தாமுவேயில் பர்கத்துல்லா பாயின் டீக்கடைக்கு ஜெரால்ட் போவதே வம்பு வளர்க்கத்தான். இருவரும் பையன்களாக இருந்தபோது கால்பந்தில் லிவர்பூலுக்குப் பதினெட்டு லீக் பட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஏழே ஏழு. லிவர்பூல் ரசிகரான பாய் அப்போது ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமா? பிறகு காலம் மாறி யுனைடெட் இருபதைத் தொட்டது. அன்றிலிருந்து ஜெரால்ட் டீ கேட்பதே, "பாய், இருபது பட்டக்காரனுக்கு ஒரு லபெயே" என்றுதான். இப்போது யுனைடெட் அடிமட்டத்தில் தவழ்கிறது, லிவர்பூல் பத்தொன்பதில் நிற்கிறது. மனுஷனுக்கு வாய் மட்டும் குறையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாட்டன்ஹாமோடு ஆட்டம். டிரா செய்தாலே லிவர்பூலுக்கு இருபதாவது பட்டம். வழக்கம்போல கரண்ட் இல்லை. பாய் தன் பெரிய பாட்டரியில் டிவியை ஓட்டினார். கடை நிறைய லிவர்பூல் சட்டைகள். டாட்டன்ஹாம் முதல் கோல் போட்டதும் ஜெரால்ட் ஒருத்தர்தான் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

சிரித்து வாய் மூடுவதற்குள் மகள் ஜாஸ்லின் போன் செய்தாள். "அப்பா, நம்ம பாட்டரி இறங்கிருச்சு. ஆக்ஸிஜன் மெஷின் நின்னுபோச்சு. அம்மாவுக்கு மூச்சு வாங்குது."

லதாவுக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருஷமாகிறது. அந்த மெஷின் இல்லாவிட்டால் அவள் இல்லை. ஜெரால்டின் கண் பாயின் பாட்டரிக்குப் போனது. இந்த நாளில் எந்த முகத்தோடு கேட்பது?

"பாய், லதாவோட மெஷின் நின்னுபோச்சு" என்றார்.

பாய் டிவி ஒயரைப் பிடுங்கினார். "தூக்குங்கப்பா" என்றார். கடையில் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. ஜெரால்டின் வீட்டுக்கு ஐந்து மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. லிவர்பூல் சட்டைக்காரர்கள் பாட்டரியை மாற்றி மாற்றிச் சுமந்து ஏறினார்கள். மெஷின் உறுமத் தொடங்கியது. லதாவின் உதட்டில் நிறம் திரும்பும்வரை ஜெரால்ட் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வந்தவர்கள் கீழே போகவில்லை. போய்த்தான் எதைப் பார்ப்பது? மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெரால்டின் போனில் மட்டும் லைன் கிடைத்தது. படம் வரவில்லை, எழுத்து வந்தது. அவரே வாசித்தார்.

"ஒன்னுக்கு ஒன்னு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு. மூணு போட்டுட்டாங்க பாய்."

நாலாவது கோலுக்கு எழுந்து நின்றே கத்தினார். ஐந்தாவதை டாட்டன்ஹாம்காரனே தன் வலையில் போட்டுக்கொண்டான் என்று வாசித்தபோது லதா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அவர் இருபது பட்டத்தையும் தூக்கிக் கொடுத்திருப்பார்.

ஆட்டம் முடிந்தது. "என்ன ஜெரால்ட், இருபதுக்கு இருபது" என்றார் பாய்.

ஜெரால்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "அடுத்த வருஷம் இருபத்தொன்னு வாங்குங்க பாய். மனசாரச் சொல்றேன்."

லதாவுக்கு அப்போதுதான் பேசுமளவு மூச்சு வந்திருந்தது. "பாய்" என்றாள் மெதுவாக, "இவருக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு கொஞ்சம் தொட்டுப் பாருங்க."