இளவரசன் திரும்பி வந்தானா

கோரிப்பாளையத்தில் சேக் இஸ்மாயில் வீட்டு முன்னறைக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் இஸ்மாயிலும் அவன் கல்லூரி நண்பன் லூர்துராஜும் ஆண்டு விழாவுக்காகப் பழைய இங்கிலீஷ் நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை ஒத்திகை பார்த்தார்கள். இந்தப் பக்கம் தங்கை ஆரிபா டீயை அடுப்பில் வைத்துவிட்டு, காதைத் திரையில் வைத்திருந்தாள். மிஷன் பள்ளியில் எட்டாவதோடு நின்றவள். பாதி வரிகள் புரிந்தன. மீதியை லூர்துராஜ் தமிழில் சொல்லி நிரப்பினான்.

சண்டைக்குப் போகும் இளவரசன் கோட்டை வாசலில் காதலியிடம் விடைபெறுகிறான். பௌர்ணமிக்குள் வந்துவிடுவேன் என்கிறான். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. நாள் கணக்காக இளவரசன் வாசலைத் தாண்டவில்லை.

"அண்ணே, அவன் திரும்பி வந்தானா?" இடியாப்பம் வைக்கும்போது கேட்டாள்.

"எங்களுக்கு அந்த ஒரு சீன்தான். மிச்சத்த யாரு படிச்சா?"

ஆரிபாவுக்குத்தான் இடியாப்பம் இறங்கவில்லை.

டீ தயாரானால் அவள் வளையலைக் குலுக்குவாள். இஸ்மாயில் வந்து தட்டை வாங்கிக்கொள்வான். அன்று மாலை சமோசா வாசனை மட்டும் திரையைத் தாண்டியது. வளையல் பேசவில்லை. இஸ்மாயில் உள்ளே தலையை நீட்டினான்.

"டீ வருமா, வராதா?"

"இளவரசன் வரட்டும். டீயும் வரும்."

"தங்கச்சி கேக்குறது ஞாயந்தான் மாப்ள," என்றான் லூர்துராஜ். புத்தகத்தைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினான். சமோசாவுக்காகத் தொடங்கியது, இரண்டு பக்கம் போனதும் சமோசா மறந்துபோயிற்று. பௌர்ணமி வந்தது. கோட்டை வாசலுக்கு இளவரசனின் குதிரை மட்டும் வந்தது.



"இது தெரியாம, சிரிச்சுக்கிட்டே வழியனுப்பிக்கிட்டு இருந்தோமே," என்று லூர்துராஜ் முணுமுணுத்தான்.

வெகுநேரம் கழித்து வளையல் குலுங்கியது. ஒரு வாய் குடித்த இஸ்மாயில் முகத்தைச் சுளித்தான். சீனி இல்லை.

"நானா எழுதுனேன்? என்கிட்ட ஏன் கோவம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான்.



"அடுத்த தடவ கல்யாணத்துல முடியிற நாடகமா பாத்துக் கொண்டாரேன்னு சொல்லு மாப்ள," என்றான் லூர்துராஜ்.

இஸ்மாயில் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, விடைபெறும் வரிகளை மறுபடி சொன்னான். இத்தனை நாள் ஜவுளிக்கடையில் விலை கேட்பதுபோல் ஒப்பித்த வரிகள். இப்போது பௌர்ணமி என்ற இடத்தில் குரல் தயங்கி நின்றது. காதலியாக நின்ற லூர்துராஜ் தன் வரியை மறந்து அவனையே பார்த்தான்.

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை, சீனி டப்பாவை மெல்ல முன்னறைக்குத் தள்ளியது.