சிரிக்காத மாமனாரின் கடைசிக் காட்சி

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. புதுச்சேரியில் நாடகப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவருக்கு, 'சிரிக்காத மாமனார்' என்ற பழைய இசை நகைச்சுவை நாடகத்தின் மேடை வரலாற்றைக் கட்டுரையாக எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். யார் எழுதினார், எங்கே போட்டார்கள், யார் மீண்டும் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டிய வேலை. 2005 செப்டம்பரில் ஒரு பகல் முழுக்க மரக்காணத்து உப்பளத்தில் உட்கார்ந்திருந்தேன். அதோடு கட்டுரை செத்தது.

கதையாக எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"உப்புப் பாத்திகளின் மேல் சூரியன் மெல்ல…" (வேண்டாம். சூரியனுக்கு வேறு வேலை இல்லையா?)

"அந்தோணிசாமி கடைசியாகச் சிரித்தது…" (இதுவும் வேண்டாம். அந்தோணிசாமி யாரென்றே உங்களுக்கு இன்னும் தெரியாது.)

சரி, நாடகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2

கதை ரொம்பச் சின்னது. உப்பள முதலாளி ஒருவர் பிறந்ததிலிருந்து சிரித்ததே கிடையாது. என்னைச் சிரிக்க வைப்பவனுக்குத்தான் என் பெண் என்கிறார். மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், குட்டிக்கரணம் போடுகிறார்கள். கடைசியில் மாறுவேடத்தில் வரும் இளவரசன் ஒரு பாட்டுப் பாட, மாமனார் சிரிக்கிறார். கல்யாணப் பாட்டு, மங்களம், படுதா. சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் ஊர் ஊராகப் போன ஒரு பாய்ஸ் கம்பெனி இதை மரக்காணத்துக்குக் கொண்டுவந்தது. கம்பெனி கலைந்தது, பாட்டுகள் மட்டும் இந்த ஊர் வாயில் தங்கிவிட்டன.

பல வருஷம் கழித்து உப்பளத்து ஆட்களே சேர்ந்து அதை மறுபடி மேடையேற்றினார்கள். அன்றைக்குத்தான் அந்த அதிசயம் நடந்தது. இளவரசன் பாடி முடித்தான். மாமனாராக வந்தவர் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஜாடை காட்டினார்கள், அப்போதும் இல்லை. "சிரிப்பு வந்தாத்தானேப்பா சிரிக்கிறது?" என்று மேடையிலிருந்தே கேட்டிருக்கிறார்.

நான் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் புல்லரித்தது. எழுதி வைத்த முடிவை ஒரு நடிகன் மறுத்துவிட்டான்! ஊரும் அவன் பக்கம் நின்றது. அன்றிலிருந்து அதுதான் சட்டம்: மாமனாருக்கு நிஜமாகவே சிரிப்பு வர வேண்டும், அதுவரை நாடகம் முடியாது. மாப்பிள்ளைகள் தோற்றால் கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். சிரிப்பு வந்த நேரத்தில் மேடையில் நிற்பவருக்கே பெண்.

(மைக்செட் வந்த காலத்தில் ஒரு தடவை, அவிழ்த்துக்கொண்டு வந்த ஆடு ஒன்று மேடையேறி மாமனாரின் தலைப்பாகையைத் தின்ன ஆரம்பித்ததாம். மாமனார் உருண்டு உருண்டு சிரித்தாராம். சட்டம் சட்டம்தானே? ஆட்டுக்கு மாலை போட்டார்கள். ஆடு மாலையையும் தின்றது.)

சிரிப்பு நிஜமா என்று தீர்ப்புச் சொல்பவர் ஆர்மோனியக்காரர். இப்போது தட்சணாமூர்த்தி. அவர் கல்யாணப் பாட்டின் முதல் கட்டையை அழுத்தினால் நாடகம் முடிந்தது என்று அர்த்தம். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"பல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது சார். பல்லு யார் வேணா காட்டலாம். நான் வயித்தைத்தான் பார்ப்பேன். வயிறு குலுங்கணும்."

இந்த வயிற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

இருபது வருஷமாக மாமனார் வேஷம் அந்தோணிசாமிக்குத்தான். உப்பளத்தில் கூலிவேலை. அசல் வாழ்க்கையில் சிரிப்பாணி மனுஷன். மேடையில் மட்டும் கல்.

2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அவர் மனைவி சகாயமேரி குழம்புக்கு மீன் வாங்க எக்கியார்குப்பம் கரைக்குப் போனார். அலை வந்த நேரம் அவர்

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அழகாக வந்தது. அழகாக வந்ததாலேயே அடித்துவிட்டேன்.)

அதற்குப் பிறகு அந்தோணிசாமி அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் மகள் ஜான்சிக்குப் பொங்கல் கழித்துக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சித்தார்த்தன், அதே உப்பளத்து ஆள். இரண்டு மாதம் விட்டு மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குச் சிரிப்பு வர்ற அன்னைக்குப் பார்க்கலாம்பா."

நாடக வசனத்தைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது. ஆனால் ஜான்சி அதைப் பிடித்துக்கொண்டாள். இந்த வருஷம் நாடகம் வேண்டாம் என்று ஊரே சொன்னபோது, போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். பெண் வேஷத்துக்கு எப்போதும் மீசை மழித்த ஆம்பளைதான் வருவான். "நானே பொண்ணு. எனக்கு எதுக்குங்க வேஷம்?" என்று அதையும் வாங்கிக்கொண்டாள்.

4

ஜான்சி எனக்குச் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் அவளைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருந்தேன். 2006-ல் மரக்காணம் போய் அதை அவளிடமே படித்துக் காட்டினேன்.

"என்னை எதுக்கு சார் இப்பிடி அழ வச்சிருக்கீங்க? நான் அழவேயில்லையே."

"கதைக்கு வேணும்மா."

"கதைக்கு வேணும்னா நீங்க அழுங்க."

கண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டேன்.

5

சரித்திரத்தில் முதல் முறையாக நாடகம் பகலில் நடந்தது. அலைக்குப் பிறகு இருட்டில் கடல் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார யாருக்கும் துணிச்சல் இல்லை. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களுக்கு முன்னால் நான்கு பெஞ்சுகளைச் சேர்த்து மேடை. குப்பங்களிலிருந்தெல்லாம் சனம். சுற்றிலும் வெள்ளைப் பாத்தி, ஒரு முகமும் மறையவில்லை. நான் தட்சணாமூர்த்தியின் ஆர்மோனியத் துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தோணிசாமி தலைப்பாகை கட்டி, உப்பு வாரும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். முதல் மாப்பிள்ளை சித்தார்த்தன்.

"பாத்தி விளைஞ்சா சிரிப்பீரோ – மாமா
பாரம் கொறைஞ்சா சிரிப்பீரோ?"

பாட்டு வந்தது, சேட்டை வரவில்லை. நிஜமான வருங்கால மாமனார் முன்னால் இடுப்பை ஆட்ட அவனுக்கு உடம்பு கூசியது. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். நாடகத்தில் எந்த மாப்பிள்ளையும் கும்பிட்டதில்லை. அடுத்தவன் குட்டிக்கரணத்தைப் பாதியில் நிறுத்தினான். அதற்கடுத்தவன் கோமாளி மூக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கூட்டத்திலிருந்து ஏறியவர்களும் அப்படியே. ஒருவரும் அவரைச் சிரிக்க வைக்க முயலவேயில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரைப் போய் எப்படிச் சிரிக்க வைப்பது? பாவம் என்று எல்லாரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தார்கள். அந்த அன்பினால் நாடகம் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்தது.

அந்தோணிசாமிக்குப் புரிந்துவிட்டது. பலகையைத் தூக்கித் தரையில் அடித்தார்.

"ஏம்பா, இன்னா இது? துக்கம் கேக்க வந்தா மாதிரி ஒவ்வொருத்தனா வந்து கும்புட்டுட்டுப் போறீங்க? நான் நாடகத்துக்கு வந்தேன். ஆட்றவன் ஆடு. ஆடாதவன் வூட்டுக்குப் போ!"

அப்போதுதான் படுதாவுக்குப் பின்னாலிருந்து மணப்பெண் வந்தாள். நாடகத்தின் எந்தக் காலத்திலும் மணப்பெண் மாமனாரைச் சிரிக்க வைக்க வந்தது கிடையாது. ஜான்சி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். ஒரு தோளைச் சாய்த்து, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். கூட்டத்திலிருந்த பெண்கள் "ஐயோ, மேரி!" என்றார்கள்.

நடை மட்டுமில்லை, குரலும் சகாயமேரிதான்.

"யோவ்! காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உப்புலயே நிக்கிறியே, உன் நாக்குல இன்னா சுண்ணாம்பா தடவியிருக்கு? மூணு நாளா குழம்புல ஒரு கல்லு உப்பு போடல. ஒரு வார்த்தை கேப்பன்னு பார்த்தா, நல்லாருக்குதுன்னு துன்னுட்டு ஏப்பம் வுட்டுட்டுப் போறியே! உன்னை வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது?"

(ஊர் முழுக்கத் தெரிந்த கதை. சகாயமேரி குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.)

யாரோ ஒருவர் களுக்கென்றார். பிறகு அடக்கமாட்டாமல் கூட்டம் மொத்தமும். அலைக்குப் பிறகு அத்தனை பேர் சேர்ந்து சிரித்ததை அந்தக் கரை அன்றுதான் கேட்டது. எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று இனிமேல் எனக்குக் கிடைக்காது.

அந்தோணிசாமி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் வயிறு குலுங்கியது.

6

முடிவு ஒன்று: அவர் சிரித்தார். தட்சணாமூர்த்தி கல்யாணப் பாட்டை…

முடிவு இரண்டு: அவர் அழுதார். ஒன்பது மாதமாக வராத அழுகை…

இரண்டையும் முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் படித்துக் காட்டிய அன்று ஜான்சி சொன்னாள்: "அதை எழுதாதீங்க சார். அது எங்க வூட்டுது."

ஆகவே நான் பார்த்ததை மட்டும் தருகிறேன். அழுதாலும் வயிறு குலுங்கும் என்பது ஆர்மோனியக்காரரின் சட்டத்தில் இல்லை. தட்சணாமூர்த்தி விரலைக் கட்டைமேல் வைத்துக்கொண்டு திணறினார். என் பக்கம் சாய்ந்தார்.

"சார், சிரிக்கிறாரா, அழறாரா? சொல்லுங்க சார்."

மேடையிலிருந்து ஜான்சி, இன்னும் அம்மாவின் குரலிலேயே, தட்சணாமூர்த்தியைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், இன்னா வேடிக்கை பார்க்கிற? வாசிய்யா!"

துணிக்குள் அந்தோணிசாமி குலுங்கிக்கொண்டிருக்கிறார். சித்தார்த்தன் எழுந்து நிற்கிறான். நான் துருத்திப் பக்கத்திலிருந்து நகர்ந்துகொள்கிறேன். இங்கே வந்து உட்காருங்கள். கட்டை உங்கள் விரலுக்குக் கீழே இருக்கிறது, அந்தப் பெண் உங்களைத்தான் பார்க்கிறாள்.